கீறலுக்குப் பயந்தால் கார் எதற்கு?

பெக்கோக் போன்ற சிற்றூரில் ஓர் இளைஞர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். 2006-இல் வெளிவந்த புரோட்டோன் சத்ரியா நியோ என்றே வைத்துக்கொள்வோம். அதில் தினமும் லாபிசுக்கு வேலைக்குப் போகலாமா? யாராவது சாவியால் கீறிவிட்டால்? இந்தக் கவலையிலேயே காரைத் துணி போட்டு மூடிவிட்டு, மோட்டார் சைக்கிளில் போவோரும் உண்டு.

கீறல் விழுந்தால் என்ன ஆகும்? கணக்கைப் பார்ப்போம். ஐந்தாண்டு இழப்பீடு கோராதவருக்கு நம் நாட்டில் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு கிடைக்கிறது. கட்டணம் 2,000 ரிங்கிட் என்றால், அவர் கட்டுவது 900தான். ஒரு கீறலுக்காக இழப்பீடு கோரினால் கழிவு பறிபோகும். மறு ஆண்டு முழு 2,000 ரிங்கிட்! எனவே, 500 ரிங்கிட்டில் முடியும் சாய வேலையைக் கைக்காசில் செய்வதே லாபம். கண்ணாடிக்குத் தனிக் காப்புறுதி எடுத்திருந்தால், அது உடைந்தாலும் கழிவு குறையாது.

சட்டமும் சும்மா இல்லை. வேண்டுமென்றே 25 ரிங்கிட்டோ அதற்கு மேலோ சேதம் விளைவித்தால், தண்டனைச் சட்டத்தின் 427-ஆவது பிரிவின்படி 1 முதல் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

ஆகவே, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். கீறல் விழுந்தால் படம் எடுத்து, போலீசில் புகார் செய்யுங்கள். சந்தேகத்தின் பேரில் பக்கத்து வீட்டுப் பையனிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். சாயத்தை மறுபடி அடிக்கலாம். சிற்றூரில் முறிந்த உறவு எளிதில் ஒட்டாது.