உறுப்பினன் தேவையே மன்றத்தின் கடைகால்
(தொண்டர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மவர் ஒரு மன்றம் தொடங்கினால் முதற்கண் என்ன செய்கின்றனர்? தலைவர் யார், செயலாளர் யார் என்று பார்க்கின்றனர். அடுத்துப் பெயர்ப்பலகை எழுதுகின்றனர். உறுப்பினனுக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. ஈராண்டில் பலகை நிற்கும், மன்றம் இராது. இணையத்தில் கூடும் குழுக்களின் நிலையும் இதுவே.

இதற்கு மாறாக நடந்த ஒன்றைக் கூறுவேன். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம். அயல்நாடுகளில் வாழ்ந்த தமிழர்க்கு அன்று இருந்த குறை யாது? கழக நூலொன்றைப் படிக்க விழைந்தால் கைக்கு நூல் எட்டாது. அக் குறையே அத் திட்டத்தின் கடைகால் ஆயிற்று.

அதன் அமைப்பை எண்ணிப் பாருங்கள். தொண்டர் எவர்க்கும் ஊதியம் இல்லை. ஒருவர் தட்டச்சிட, மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஆகவே, ஓய்வு வேளையில் சிறிதே உழைக்கக்கூடியவர்க்கும் அங்கு இடம் இருந்தது. உழைத்தவர் பெயர் நூலின் முகப்பிலேயே பொறிக்கப்பெற்றது. அம் முகப்பை நீக்காமல் எவரும் எவர்க்கும் அந் நூலைக் கட்டணமின்றி வழங்கலாம் என்றனர். தொடக்கத்தில் தனி எழுத்துரு நிறுவினாலன்றிப் படிக்க இயலாதிருந்தது; பின்னர் எல்லாக் கணினியும் ஏற்கும் ஒருங்குகுறிக்கு நூல்களை மாற்றினர். படிப்பவனைத் தம் வழிக்கு இழுக்கவில்லை. அவன் இருக்குமிடத்திற்குத் தாமே சென்றனர்.

“கொள்கையன்றோ பெரிது? உறுப்பினன் தேவையா பெரிது?” என்று வினவுவீர்கள். கொள்கை பெரிதே! ஆயினும், கொள்கையை நாடி வந்தவனுக்குப் படிக்க நூலும், செய்ய வேலையும், செய்த வேலைக்கு ஒரு நற்சொல்லும் கிட்டவில்லையெனில், அவன் மீண்டும் வருவானா? ஆர்வத்தோடு வந்த இளைஞரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டுத் தமிழுணர்ச்சி குன்றிற்றே என்று புலம்புவது நம் குற்றமேயன்றி அவர் குற்றமன்று.

ஆகவே, தோழர்களே! அடுத்த குழுவைத் தொடங்குமுன் பத்துப் பேரிடம் செல்லுங்கள். “உமக்கு எது இல்லை? உம்மால் எது இயலும்?” என்று கேளுங்கள். விடைக்கேற்ப அமையுங்கள். பலகையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

வெல்க தமிழ்!