மூலம் ஒன்று, உரை மூன்று

பெங்களூர்த் தமிழருக்குச் சிவாஜிநகரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. ஒரு புறம் ரஸ்ஸல் சந்தை. அதன் அருகே 1882-ஆம் ஆண்டில் எழுந்த புனித மரியன்னை பேராலயம். சற்று நடந்தால் மசூதிகள். ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் அப்பேராலயத்தில் நிகழும் தேர்த்திருவிழாவுக்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். அக்கூட்டத்தில் நம் தாய்மொழி ஒலிக்காத மூலையே இல்லை எனலாம்.

அத்தகைய ஒரு திருவிழா மாலையில் எனக்கு நன்கு பழக்கமான நண்பர் இருவர் மனம் கசந்து பிரிந்தனர். ஒருவர் கிறிஸ்தவர், கோலார் தங்கவயலில் பணியாற்றி, 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். மற்றவர் முஸ்லிம்; மேல்விஷாரத்திலிருந்து தோல் வாணிகத்தின் பொருட்டு வந்து நிலைத்தவர். இருவர்க்கும் அடுத்தடுத்த வீடு. ஒருவர் வீட்டில் நோய் என்றால் மற்றவர் வீட்டில் உறக்கம் இராது. அன்று தேநீர்க் கடையில், "மோசே முன்னறிவித்தது எங்கள் ஆண்டவரைத்தான், பாய்" என்றார் தங்கவயல் நண்பர். "இல்லை சார், அந்த வசனம் எங்கள் நபிகளைக் குறிக்கிறது" என்றார் மேல்விஷார நண்பர். பேச்சு வளர்ந்தது. "நீங்கள்தாம் பொருளைத் திரித்துவிட்டீர்கள்" என்ற சொல் இருவர் வாயினின்றும் வந்தது. அதன்பின் நான்கு மாதம் இருவர்க்கும் பேச்சில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே உற்றார். அவசரத்துக்கு ஓடி வருகிற சுற்றத்தார். ஆதலின் ஒரு வசனத்தின் பொருட்டு அவ்வுறவு முறிவது சிறிய இழப்பன்று. அவ்வசனத்திற்கு ஏன் இத்தனை பொருள்கள் பிறந்தன என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

ஒரு மூலத்திற்குப் பல உரை என்பது நமக்குப் புதிதன்று. திருக்குறளுக்குப் பழைய உரையாசிரியர் பதின்மர் என்பர். மணக்குடவர் ஒரு பொருள் கொண்ட இடத்தில் பரிமேலழகர் வேறு பொருள் கொள்வார். நாம் வாழும் இக்கன்னட நாடோ உரை வேற்றுமைக்குப் பெயர் போனது. சிருங்கேரி சங்கரர் வழியையும், மேல்கோட்டை இராமானுசர் வழியையும், உடுப்பி மத்துவர் வழியையும் போற்றுகின்றன. மூவரும் உபநிடதங்களையே சான்றாகக் கொண்டனர்; மூவரும் கண்ட முடிவு வேறு. சாந்தோக்கிய உபநிடதத்தில் புகழ்பெற்ற வாக்கியம் ஒன்றில் 'தத்', அதாவது 'அது', என்னும் சொல் வருகிறது. அதற்கு முன் நிற்கும் 'ஆத்மா' என்ற சொல்லின் ஈற்று நெடிலில் ஓர் அகரம் புணர்ந்து மறைந்திருக்கிறது என்று கொண்டு, 'அதத்', அதாவது 'அது அல்ல', என்று பிரித்தார் மத்துவர். ஓர் எழுத்தைப் பிரித்த வகையால், ஒருமை கூறிய வாக்கியம் வேற்றுமை கூறுவதாயிற்று. புணர்ச்சி இலக்கணம் பயின்ற தமிழர்க்கு இது வியப்பாய் இராது.

இனி நண்பர்கள் பிணங்கிய இடத்திற்கு வருவோம். 'மேசியா' என்பது எபிரேயச் சொல்; எண்ணெய் வார்த்துத் திருநிலைப்படுத்தப் பெற்றவர் என்பது அதன் பொருள். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே 'கிறிஸ்து'. குர்ஆன் ஈசா நபியை 'அல் மசீஹ்' என்று அழைப்பதும் இச்சொல்லாலேயே. ஆயினும் பழைய ஏற்பாட்டில் இச்சொல் அரசர்க்கும் குருமார்க்கும் வழங்கியது. யூதரல்லாத பாரசீகப் பேரரசன் கோரேசுக்கும் ஏசாயா நூலின் 45-ஆம் அதிகாரம் இப்பெயரைத் தருகிறது. வரவிருக்கும் ஒரு மீட்பரைக் குறிக்கும் சிறப்புப் பெயராக அது காலப்போக்கில் வளர்ந்தது.

நண்பர்கள் சுட்டிய வசனம் உபாகமம் 18-ஆம் அதிகாரத்தில் உள்ளது. தம்மைப் போன்ற ஓர் இறைவாக்கினரைச் சகோதரரிடமிருந்து கடவுள் எழுப்புவார் என்று மோசே மக்களுக்குக் கூறுகிறார். யார் அவர்?

யூதர் அவ்வதிகாரத்தின் முன்பகுதியைக் காட்டுவர். குறிசொல்வோரையும் மந்திரவாதிகளையும் நாடாதீர் என்று மோசே அங்கே விலக்குகிறார். அவர்களை நாடாவிடின் யாரை நாடுவது? மோசேக்குப் பின் வழிவழியாக வரும் இறைவாக்கினரை நாடுக என்பதே கருத்து என்பது அவர்தம் உரை. மோசேயை அடுத்து வந்த யோசுவாவையே குறிக்கும் என்பாரும் உளர்.

கிறிஸ்தவர் அப்போஸ்தலர் பணிகள் நூலின் 3-ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். எருசலேம் ஆலயத்தில் பேசிய பேதுரு இவ்வாக்கு இயேசுவில் நிறைவேறிற்று என்றார். மோசே ஓர் உடன்படிக்கையின் இடையாளராய் நின்றதுபோல் இயேசு புதிய உடன்படிக்கையின் இடையாளராய் நின்றார் என்பது அவர்தம் கொள்கை.

முஸ்லிம்கள் குர்ஆனின் 7-ஆம் அத்தியாயத்தைக் காட்டுவர். முகம்மது நபியைப் பற்றிய செய்தி தவ்ராத்திலும் இன்ஜீலிலும் உள்ளது என்று அது கூறுகிறது. மோசேயைப் போலச் சட்டம் வழங்கி, மக்களை ஆண்டு, இயற்கையாக இறந்தவர் நபிகள் நாயகமே என்பது அவர்தம் வாதம். சகோதரர் என்றது இசுமவேலின் வழியினராகிய அரபியரை என்பர்.

சிக்கல் முழுவதும் 'சகோதரர்' என்னும் ஒரு சொல்லில் இருப்பதைக் காண்கிறோம். உபாகமம் 17-ஆம் அதிகாரம், உன் சகோதரருள் ஒருவனையே அரசனாக்கு என்கிறது. அங்கே சகோதரர் இசுரவேலரே. அதே நூலின் 2-ஆம் அதிகாரம் ஏசாவின் வழியினராகிய ஏதோமியரையும் சகோதரர் என்கிறது. அங்கே சகோதரர் அயல்நாட்டார். ஒரே நூலில் இரு வழக்கு! நம் வீடுகளிலும் உடன்பிறந்தானும் அண்ணன். பெரியப்பா மகனும் அண்ணன். எந்த அண்ணன் என்பதை இடம் நோக்கியே அறிகிறோம். எந்த இடத்தை நோக்குவது என்பதில்தான் உரையாசிரியர் பிரிகின்றனர்.

மற்றொரு சான்றும் காண்போம். ஏசாயா நூலின் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் மகவு ஈன்று அதற்கு இம்மானுவேல் என்று பெயரிடுவாள் என்னும் வாக்கு உண்டு. எபிரேய மூலத்தில் அப்பெண்ணைக் குறிக்கும் சொல் 'அல்மா'. நம் இலக்கணத்தார் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று மகளிர் பருவத்தை ஏழாக வகுத்தனர். அவ்வாறே 'அல்மா' என்பது இளமைப் பருவத்தைச் சுட்டுவது. ஆடவனை அறியாமையை அதுவே உறுதியாகக் கூறாது. கிறிஸ்துவுக்கு முன்பே யூத அறிஞர் பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது இவ்விடத்தில் 'பார்த்தெனோஸ்', அதாவது 'கன்னி', என்று எழுதினர். கிரேக்கத்தில் எழுதிய மத்தேயு அதனையே எடுத்தாண்டு இயேசுவின் பிறப்போடு பொருத்தினார்.

யூதர், ஆகாசு அரசன் காலத்து நிகழ்ச்சி இது என்பர். சிரியாவும் வட இசுரவேலும் சேர்ந்து எருசலேமைத் தாக்க வந்தபோது, இம்மகவு நன்மை தீமை அறியுமுன் அவ்விரு நாடும் பாழாகும் என்று ஏசாயா அவனைத் தேற்றினார். கி.மு. 732-இல் தமஸ்கு அசீரியரிடம் வீழ்ந்தது. வாக்கு அப்பொழுதே நிறைவேறிற்று என்பது அவர் முடிவு. கிறிஸ்தவருள் பலர் இதனை மறுப்பதில்லை. அண்மையில் ஒரு நிறைவும் சேய்மையில் முழு நிறைவும் உண்டு என்பர். முஸ்லிம்களோ ஏசாயாவைச் சான்று காட்டாமலேயே, குர்ஆன் கூறுவதால், மர்யம் கன்னியாக இருந்தே ஈசாவை ஈன்றார் என்று நம்புகின்றனர். முன்னைய வசனத்தில் எதிரெதிர் நின்ற நம் நண்பர் இருவரும் இங்கே ஒரு பக்கம் நிற்கிறார்கள் அன்றோ!

இக்கருத்து வேற்றுமை தமிழ் விவிலியத்தின் ஏட்டிலேயே பதிந்துள்ளது. பழைய புரோட்டஸ்டாண்டு மொழிபெயர்ப்பில் ஏசாயாவிலும் 'கன்னிகை', மத்தேயுவிலும் 'கன்னிகை'. கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியமோ ஏசாயாவில் 'இளம்பெண்' என்றும் மத்தேயுவில் 'கன்னி' என்றும் பெயர்த்தது. எபிரேயத்திற்கும் உண்மையாயிற்று; கிரேக்கத்திற்கும் உண்மையாயிற்று. தம் கொள்கையை விட்டுக்கொடாமலே மூலத்தை மதித்த நேர்மை இது. இத்தகைய நேர்மையை எல்லாரும் வரவேற்றாரல்லர். 1952-இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்வாறே 'இளம்பெண்' என்று எழுதியபோது, போதகர் ஒருவர் அந்த ஏட்டைத் தீயிட்டார்.

ஏடு எரிந்ததோடு நின்றால் நன்று. 1263-இல் அரகோன் நாட்டு மன்னன் முதலாம் ஜேம்சு முன்னிலையில் பார்சிலோனா நகரில் மேசியாவைப் பற்றிப் பெரியதொரு வாதம் நடந்தது. ஒரு பக்கம் யூத சமயத்தினின்று கிறிஸ்தவத்துக்கு மாறிய துறவி பாப்லோ. மறுபக்கம் யூத அறிஞர் நக்மனிதர். மேசியா வரும்போது போர் ஒழியும் என்று இறைவாக்கினர் கூறினர். உலகமோ வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்று கேட்டார் நக்மனிதர். அந்நிறைவு இயேசுவின் இரண்டாம் வருகையில் நிகழும் என்பது கிறிஸ்தவர் விடை. அச்சமின்றிப் பேச மன்னன் அவருக்கு உரிமை அளித்தான், பரிசும் தந்தான். ஆனால் தம் வாதத்தை அவர் நூலாக எழுதியதும், சமய நிந்தனை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதுமையில் அவர் தாய்நாட்டை விட்டு நீங்கி 1267-இல் எருசலேம் சேர்ந்தார். வாதத்தின் ஒரு தரப்பே ஆட்சியும் நீதியும் செலுத்தியதால் நேர்ந்த கேடு இது.

நம் முன்னோர் இதற்கு ஒரு முறை வகுத்திருந்தனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாகச் செய்தார். பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து மறுத்தபின்னரே தம் கொள்கையை நிறுவினார். மணிமேகலையும் வஞ்சி நகரில் பல சமயத்தாரிடம் சென்று, அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்டாள். கேட்டதனால் எல்லாவற்றையும் அவள் ஏற்றுக்கொண்டாளா? இல்லை. கேட்ட பின்னர்த் தன் வழியைத் தேர்ந்தாள்.

எல்லா உரையும் ஒன்றே என்று நான் கூறவரவில்லை. அப்படிக் கூறுவது மூன்று சமயத்தாரையும் ஒருங்கே அவமதிப்பதாகும். வேற்றுமை உண்மையானது. யூதர் மேசியாவின் வருகையை எதிர்நோக்குகின்றனர். கிறிஸ்தவர் வந்தவர் மீண்டும் வருவதை எதிர்நோக்குகின்றனர். முஸ்லிம்கள், இறுதி நபி வந்துவிட்டார் என்று கொண்டு, ஈசா கடைசிக் காலத்தில் இறங்கி வருவார் என்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் சான்றாகக் கொண்ட மறையின் ஒளியில் பழைய வசனத்தைப் படிக்கிறார்கள். அதற்குப் பெயர் திரித்தல் அன்று, உரை கூறுதல்.

மேலே கூறிய நண்பர் இருவரையும் தை மாதத்தில் ஒரு நாள் என் வீட்டிற்கு அழைத்தேன். "உங்கள் கட்சியை நீங்கள் பேச வேண்டாம்; அடுத்தவர் கட்சியை, அவர் 'ஆம், இதுவே எங்கள் கருத்து' என்று சொல்லும்வரை பேசுங்கள்" என்று வேண்டினேன். எளிதாய் இருக்கவில்லை. மேல்விஷார நண்பர் இரண்டாம் முறை சொன்னபோதுதான் உபாகமத்தின் 17-ஆம் அதிகாரம் அவர் பேச்சில் வந்தது. தங்கவயல் நண்பர் மூன்றாம் முறை சொன்னபோதுதான் ஏதோமியர் வந்தனர். "இதை இவ்வளவு நாள் நான் கேட்டதே இல்லை, பாய்" என்றார் அவர். "நானும் கேட்கவிடவில்லையே, சார்" என்றார் மற்றவர்.

அவ்வசனத்தின் பொருளில் அவ்விருவர்க்கும் இன்றும் உடன்பாடு இல்லை. மாலை ஆறு மணிக்கு அதே தேநீர்க் கடையில் இருவரையும் காணலாம். சென்ற வாரம் அவர்கள் ஏசாயாவின் 53-ஆம் அதிகாரத்தைத் தொடங்கியிருந்தார்கள், தேநீர் ஆறிப்போயிருந்தது.