நாளையைப் படம் பிடிப்பது யார்?



பேரா ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில், தென்னைக்கும் செம்பனைக்கும் நடுவே உள்ள ஒரு தமிழர் வீட்டு முன்னறையை நினைத்துப் பாருங்கள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்ட தாத்தாவின் படம். அதற்குக் கீழே, பட்டமளிப்பு அங்கி அணிந்த பிள்ளையின் படம். தாத்தாவின் படம் நடந்ததைச் சொல்கிறது. பட்டதாரியின் படமோ அந்த வீட்டுத் தம்பி தங்கைகளிடம், 'நீயும் இப்படி ஆகலாம்' என்கிறது. அந்தக் காலத்தில் மாளிகை தீட்டிய திரைக்கு முன்னால் நின்று ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டவர்களின் ஆசையும் இதுதான். ஆக, புகைப்படம் பழையதைக் காப்பதற்கு மட்டுமல்ல, வரப்போவதைக் கேட்பதற்கும்தான்.

இந்தக் கேள்வியையே கலையாக்கியவர் சிம்ரின் கில். 1959-இல் சிங்கப்பூரில் பிறந்து, போர்ட்டிக்சனில் வளர்ந்தவர். 2013-இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றவர். 2001-இல் தீபகற்ப மலேசியா முழுவதும் சென்று, முன்பின் தெரியாதவர்களின் வீட்டு முன்னறைகளை 260 படங்களாக எடுத்தார். 'டாலாம்', அதாவது 'உள்ளே' என்பது அதன் பெயர். ஒரு படத்திலும் ஆள் இல்லை. நாற்காலியும் தொலைக்காட்சிப் பெட்டியும் சுவர்ப் படங்களுமே அந்த வீட்டாரின் ஆசைகளைச் சொல்லிவிடுகின்றன.

2000 முதல் 2003 வரை, பாதியில் கைவிடப்பட்ட கட்டடங்களையும் அவர் படமெடுத்தார். 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு நம் நாட்டில் எத்தனையோ திட்டங்கள் அப்படி நின்றுபோயின. புல் முளைத்த அந்தத் தூண்கள் பழங்கால இடிபாடுகள் அல்ல. வராமலே போன எதிர்காலத்தின் இடிபாடுகள்.

லியு குங் யூ என்ற மலேசியக் கலைஞர் வேறு வழியில் போனார். நாடெங்கும் உள்ள அலங்கார வளைவுகள், நீரூற்றுகள், தெருவிளக்குகள் போன்றவற்றின் படங்களை வெட்டி ஒட்டிக் கற்பனை நகரங்களை உருவாக்கினார். 2009-இல் 'என் நாட்டுக்கான பரிந்துரைகள்' என்ற பொருளில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். முதலில் சிரிப்பு வரும். 'வளர்ச்சி என்றால் இதுதானா?' என்ற கேள்வி பிறகு வரும்.

ஊர் மாறுவது இருக்கட்டும், மனிதர் மாறுவது எப்படி? பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா முதலில் சிற்பி. 1990-களின் நடுவில் தம்மையே படத்துக்குள் நிறுத்தத் தொடங்கினார். கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்தியப் பெண்கள் வரிசையில், ரவிவர்மா படத்து லட்சுமியாக நின்றார். தமிழ்ப்பட நாயகியாக நின்றார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் உடலை அளவெடுப்பதற்காகப் படம் பிடிக்கப்பட்ட பழங்குடிப் பெண்ணாகவும் நின்றார். பெண் இப்படித்தான் என்று முடிவு கட்டிய படங்களுக்குள் அவரே நுழைந்தார், வெளியேயும் வந்தார். வேடம் மாறும் என்றால் விதியும் மாறலாம் அல்லவா?

'வயிற்றுப்பாட்டுக்கே அல்லாடும் தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத்தான் இது வேண்டும். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது, எதிர்காலத்தின் படம் விளம்பரப் பலகையில் இருந்தது. புது வீடும் சிரிக்கும் குடும்பமும் அதில் இருந்தன. மூன்று தலைமுறையாக அங்கே உழைத்தவர்களின் முகம் அதில் எங்கே? நமது நாளையை நாம் படம் பிடிக்காவிட்டால், வேறொருவர் பிடித்துவிடுவார். அதில் நமக்கு இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வேலை தேடிக் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போகும் பாகான் டத்தோ இளைஞர்களின் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. கேமரா வாங்கக் காசு வேண்டியதில்லை. புறப்படும் முன் மூன்றே படங்கள் எடுக்கட்டும். ஆளில்லாத வீட்டு முன்னறை ஒன்று. பத்து ஆண்டுக்குப் பிறகு தாம் நிற்க விரும்பும் இடத்தில் நின்று ஒன்று. மூன்றாவது, பாட்டியிடம் கேட்டு எடுக்க வேண்டியது: 'பாட்டி, சின்ன வயதில் நீங்கள் என்னவாக ஆசைப்பட்டீர்கள்?' ஆசிரியை என்றால் கையில் புத்தகம் கொடுங்கள். தாதி என்றால் வெள்ளை உடுப்பு கொடுங்கள்.

மூன்றையும் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒருநாள் மாட்டி வையுங்கள். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் என்ன படம் வர வேண்டும் என்பதை ஊரே கூடிப் பேசட்டும்.