டிராக்டர் நிற்கையில் எஞ்சின் ஏன் ஓட வேண்டும்?

(காணிப்பாக்கத்தில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



கிணற்றிலிருந்து தோன்றியதாகப் போற்றப்படும் விநாயகர் கோயில் கொண்டுள்ள ஊர் இது. அந்தத் தல வரலாறே, நிலத்துக்கு நீர் இறைத்துவந்த மூன்று சகோதரர்களைப் பற்றியது. ஏற்றம் இறைத்தவர் ஒரு சால் நீரையும் வீணாக்கியிருக்கமாட்டார். அதற்கான விலையை அவர் தோள்களே தந்தன. டீசல் விஷயத்தில் தோள் வலிப்பதில்லை. ஆகவேதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கக் கண்டேன். பாதிக்கு மேற்பட்ட டிராக்டர்களின் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுநர்களோ மரநிழலில் அமர்ந்திருந்தனர். காரணம் கேட்டேன். "பாட்டரி மோசம் ஐயா, நிறுத்தினால் மறுபடி பிடிக்காது. தள்ளிவிட ஆள் வேண்டும்" என்றார் ஒருவர். அவர் கூறியதில் நியாயம் உண்டு. வண்டி கிளம்பாவிட்டால் உரிமையாளரின் ஏச்சு ஓட்டுநருக்கு. வீணாக எரிந்த டீசலுக்கோ எவரும் ஏசுவதில்லை. பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: செலவு ஒருவருடையதாகவும் முடிவு இன்னொருவருடையதாகவும் இருக்கும் இடத்தில் விரயம் தங்கிவிடும்.

நடுத்தர டிராக்டர் ஒன்று சும்மா ஓடும்போது மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும் என்று கொள்ளலாம். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஆண்டில் 150 நாட்கள் என்றால் 150 லிட்டர். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நாளில், பதினையாயிரம் ரூபாய்க்கு அருகில். டிராக்டர் கடனுக்குத் தவணை கட்டுபவருக்கு இது சிறு தொகையன்று.

பணத்தோடு இழப்பு நிற்பதில்லை. பளுவின்றி ஓடும் டீசல் எஞ்சின் போதிய சூடு அடைவதில்லை. எரிபொருள் முழுமையாக எரியாமல் இன்ஜெக்டர் முனையில் கரி படிகிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. பாட்டரி ஏறட்டும் என்று ஓடவிடுவோரும் உண்டு. குறைந்த வேகத்தில் மின்னேற்றமும் குறைவே. மறுபடி கிளப்புவதால் எஞ்சின் தேயும் என்ற அச்சம், குளிர்ந்த எஞ்சினுக்கு ஓரளவு பொருந்தும். சூடாக இருக்கும் எஞ்சினில் எண்ணெய்ப் படலம் அப்படியே இருப்பதால் அவ்வளவாகப் பொருந்தாது.

எனினும், எப்போதும் உடனே நிறுத்திவிடுங்கள் என்று நான் கூறவில்லை. கடும் உழவு முடித்தோ, பாரம் இழுத்தோ வந்த எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டே நிறுத்த வேண்டும். டர்போ பொருத்திய வண்டிக்கு இது மிக அவசியம். வேகமாகச் சுழன்ற அதன் தண்டுக்கு எண்ணெய் சட்டென்று நின்றுவிடக் கூடாது. கதிரடிக்கும் இயந்திரத்தையோ பம்பையோ இயக்கும் டிராக்டர் நின்ற இடத்திலேயே வேலை செய்கிறது. அது வேறு கணக்கு. அதன் பிறகும் சில நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க நேருமானால் நிறுத்துவதே இலாபம். நிறுத்தியபின் சாவியையும் திருப்பி எடுத்துவிடுங்கள். அதை மறந்து பாட்டரியைத் தீர்ப்பவர் பலர்.

1973இல் பீப்பாய் மூன்று டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கு விலையேறியது. அந்த அதிர்ச்சியின் பின்னணியில் 1978இல் பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் அமைந்தது. இன்றும் நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. எனினும் நாட்டின் அந்நியச் செலாவணியைப் பற்றி ஓட்டுநரிடம் பேசுவதைவிட, உரிமையாளரிடம் பாட்டரியைப் பற்றிப் பேசுவதே பயன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டரி முனைகளில் பூத்திருப்பதைச் சுரண்டி எடுத்து, கம்பிகளை இறுக்கி, வாசலின் தடவ அரைமணி நேரம் போதும். வெளியே ஏழெட்டு வண்டிகள் நிற்கின்றன. கூட்டம் முடிந்ததும் அவற்றின் பாட்டரிகளை நாம் சேர்ந்தே பார்க்கலாம்.