அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்லூரிக் கதைகள் பேசத்தான் வந்தேன். ஆனால் காலையில் நம் செட்டில் நாலு பேர் கேட்டது ஒரே கேள்வி: "அம்மாவை ஹோம்ல விட்டுட்டியாமேடா?"

ஆமாம், விட்டேன். டிமென்ஷியா என்னும் மறதி நோய். நாலு வருஷம் வீட்டில்தான் வைத்திருந்தோம். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு என்னையே 'அண்ணா' என்றார். அதுவரை வீடுதான் சரி. பழகிய கட்டிலும் பழகிய குரலும் பெரிய ஆறுதல். அப்புறம் இரவுத் தூக்கம் போயிற்று. நடுநிசியில் தாழ்ப்பாளைத் திறந்து தெருவுக்குப் போய்விடுவார். காவலிருந்த என் மனைவி படுத்த படுக்கையானாள். ஒருநாள் நான் பொறுமையிழந்து கையை ஓங்கிவிட்டேன். "அடிக்காதீங்க ஐயா" என்றார் என்னைப் பெற்றவர். அன்றுதான் முடிவெடுத்தேன்.

2023இல் வெளியான ஆய்வின்படி, 60 வயது கடந்த இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய். நாளை உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம்.

ஹோம் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், கட்டிப் போடுவார்களா, சொல்லாமல் வந்தால் உள்ளே விடுவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கிய இடத்திலிருந்து நான் திரும்பிவிட்டேன்.

வீட்டிலேயே பார்க்க முடிந்தால் பாக்கியம். ஆனால் அந்தப் பாரத்தை மருமகள் ஒருத்தி தலையில் மட்டும் ஏற்றாதீர்கள்.

ஞாயிறுதோறும் போகிறேன். என்னைத் தெரியாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். பத்துத் தடவை கேட்டாலும் இப்போது சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.