சேப்பாக்கத்துச் செனட் மாளிகை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மூசியாற்றங்கரையில் வாழும் நம்மிடையே வங்கக் கடற்கரைக் கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் துணிபு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை, பிற மண்ணிற் குடிபுகுந்து வாழ்வோர்க்குக் கூறும் செய்தி ஒன்று உண்டு.

அதனைக் கட்டியவர் இராபர்ட் சிஷோம் என்னும் ஆங்கிலேயர். 1840இல் பிறந்த அவர், இளமையிலேயே சென்னைக்கு வந்து அரசாங்கத்தின் கட்டடக் கலைஞராய் அமர்ந்தார். கடற்கரையில் அவர் கட்டிய மாநிலக் கல்லூரி 1870இல் திறக்கப்பெற்றது. அது இத்தாலியப் பாணியைத் தழுவியது. 1874இல் தொடங்கி 1879இல் முற்றுப்பெற்ற செனட் மாளிகையோ முற்றிலும் வேறு தோற்றமுடையது. நான்கு மூலைகளிலும் குமிழ்போன்ற குவிமாடங்களைத் தாங்கிய கோபுரங்கள்; வெயிலைத் தடுத்துக் கடற்காற்றை உள்ளே விடும் வளைவுத் தாழ்வாரங்கள்; செதுக்கு வேலைப்பாடமைந்த கற்றூண்கள்; வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். உள்ளே 130 அடி நீளமும் 58 அடி அகலமும் 54 அடி உயரமும் உடைய பெருமண்டபம். பைசாந்தியச் சாயலும் இந்திய மரபுகளும் இங்கே ஒன்றோடொன்று இழைந்துள்ளன. இக்கலப்பினையே இந்தோ சாரசனிக் பாணி என்பர்.

சில ஆண்டுகளுக்குள் ஒரே கலைஞரின் கை இவ்வாறு மாறியது எதனால்? விடை அண்டை வீட்டிலேயே இருக்கின்றது. இவ்விரு கட்டடங்களுக்கும் இடையில் நிற்பது சேப்பாக்கம் அரண்மனை. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்காக 1768இல் எழுந்த அவ்வரண்மனை, 1855இல் கடைசி நவாபு மறைந்தபின் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அதன் இரு மகால்களுக்கிடையே கோபுரம் எழுப்பும் பணி சிஷோமிடம் ஒப்படைக்கப்பெற்றது. பழைய வளைவுகளுக்கு இசையப் புதிய வளைவை அமைக்க வேண்டிய கடமை, ஆசிரியராய் வந்தவரை மாணவராக்கிற்று எனலாம்.

நம் ஊரிலும் இதற்குச் சான்று உண்டு. 1908ஆம் ஆண்டின் மூசி வெள்ளத்திற்குப் பின்னர், நிசாம் மீர் உசுமான் அலிகான் காலத்தில், தென்கரையில் உயர்நீதிமன்றமும் எதிர்க்கரையில் உசுமானியா மருத்துவமனையும் எழுந்தன. அவற்றை அமைத்த வின்சென்ட் எஷ் என்பாரும் அயல்நாட்டினரே. 1591இல் எழுந்த சார்மினாரின் அண்மையில் கட்டுகின்றோம் என்பதை அவர் மறந்தாரல்லர்.

நிற்க. கட்டுவது ஒரு தலைமுறையின் பணி. காப்பது பல தலைமுறைகளின் கடன். 1937இல் சென்னைச் சட்டமன்றம் கூடிய செனட் மாளிகை, பின்னாளிற் பழுதுற்று, இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே செப்பனிடப்பெற்றது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலை 2012இல் தீ சிதைத்தது, அதுவும் மீட்கப்பெற்றது. உசுமானியா மருத்துவமனையின் பழைய கட்டடமோ, 2020இல் மழைநீர் புகுந்ததன்பின் மூடப்பட்டது. ஆளின்றிப் பூட்டிய வீட்டில் ஆலும் அரசும் குடியேறும் என்பதை நாம் அறிவோம்.

செப்பனிடுவதிலும் அறிவு வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு அப்பினால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, செங்கல்லைத் தின்றுவிடும். கடற்காற்று வீசும் இடத்தில் இக்கேடு மிகுதி. பழஞ்சுவரின் இயல்பறியாதவன் அன்பினாலும் அதனைக் கெடுத்துவிடுவான்.

அன்பர்களே, வந்த இடத்தின் மரபைக் கற்றவன் தன் கலையை இழப்பதில்லை, அதனைப் பெருக்கிக்கொள்கின்றான். நம் பிள்ளைகள் தமிழைப் பிழையறப் பயில்க. தெலுங்கையும் உருதுவையும் உவந்து கற்க. சென்னைக்குச் செல்லுங்கால் செனட் மாளிகையை அவர்களுக்குக் காட்டுங்கள். இங்குள்ள மூசிக்கரை மாளிகைகளையும் நம்முடையவை என்றே காட்டுங்கள். நம்முடையது என்னும் எண்ணம் பிறந்தாலன்றிக் காவல் பிறவாது.