ஆடு நம்முது, தராசு யாருது?

(ஆடு வளர்க்கும் பெண்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடு வளர்த்தா முன்னேறலாம்னு நம்ம ஜனங்களுக்குப் புத்தி சொல்லாத அதிகாரி கிடையாது. 2011-இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் குடும்பத்துக்கு நாலு உரு கொடுத்தார்கள். யாருக்கு? நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு. நிலம் இல்லை என்பதுதான் தகுதியே. சரி, நிலமில்லாதவள் ஆட்டை எங்கே மேய்ப்பாள்?

ரோட்டோரம், ஏரிக்கரை, வாய்க்கால் கரை, அறுப்பு முடிஞ்ச கொல்லை. இதுதான் நம்ம மேய்ச்சல் நிலம். அறுப்பு முடிஞ்சதும் ஊர்க்காரனே கூப்பிடுவான், வந்து கிடை போடுன்னு. புழுக்கையும் மூத்திரமும் அவன் நிலத்துக்கு உரம். விதைச்ச பிறகு அதே ஆடு வரப்பில் வாய் வெச்சா தண்டம். புழுக்கைக்கு மட்டும் தீட்டு இல்லை, கவனியுங்கள்.

சொந்த ஆடு இல்லாதவர்கள் வாரத்துக்குப் பிடித்து மேய்க்கிறார்கள். தாயாடு இன்னொருத்தனுடையது. மழையில் நனைவது, ராத்திரியில் ஈனும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நம்ம அம்மா. குட்டியில் பாதி அவனுக்கு.

இத்தனையும் தாண்டிக் கிடாய் சந்தைக்கு வருகிறது. செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ, எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கோ போய் நின்று பாருங்கள். தரகர் முதுகுத்தண்டை அமுக்கிப் பார்ப்பார், ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார், இத்தனை கிலோ கறின்னு சொல்வார். கண்தான் தராசு. அந்தக் கண் அவருடையது.

20 கிலோ கிடாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கறி தேறும். 9 கிலோ. அவர் 7 என்கிறார். கறி கிலோ 600 ரூபாய்னு பேசினால் 1,200 ரூபாய் அங்கேயே போச்சு. தலை, கால், குடல், தோல் பல நேரம் பேச்சிலேயே வராது.

அப்போ நாமே வெட்டி விற்கலாமே என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆடு உசுரோட இருக்கிறவரை அதுக்குச் சாதி இல்லை. சேரியில் வாங்கின கிடாயைக் கோயிலுக்கே வெட்டுவான். நம்ம கையால் வெட்டித் தராசில் வைத்தால் அந்தக் கறிக்குச் சாதி வந்துவிடுகிறது. டவுனில் கடை போடலாம், யாரும் கேட்க மாட்டான். சொந்த ஊரில்தான் சிக்கல். மற்றவர் செய்யும் தொழிலைச் செய்யவிடாமல் தடுப்பதும், பொருளாதாரப் புறக்கணிப்பும், பொது வளங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் 2016 ஜனவரி முதல் வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம். இதை நம்மில் எத்தனை பேர் புகாரில் எழுதியிருக்கிறோம்?

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். காலையில் மேய்ச்சலுக்கு விடுமுன் சாக்கில் தூளி கட்டித் தூக்கி எடை எழுதுங்கள். உயிர் எடைக்குக் கிலோ விலை பேசுங்கள். ஒத்தைக் கிடாயோடு போனால் தரகர் வைத்ததுதான் விலை. பத்துக் கிடாய் ஒரே இடத்தில் நின்றால் வியாபாரி சேரிக்கு வருவான். அதோடு, மழை பெய்து புதுப்புல் முளைக்குமுன் துள்ளுமாரிக்கு ஊசி போட்டுவிடுங்கள். கொழுத்த குட்டிதான் முதலில் விழும்.

ஆனால் தராசு நிலத்தைத் தராது. 1892-இல் ஆணையிட்டு நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது? 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்குச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். மேய்ச்சல் புறம்போக்கின் கதையும் வேறல்ல. பாதி ஆக்கிரமிப்பு, மீதி சீமைக் கருவேலம். அதன் காயை ஆடு தின்னும்தான், ஆனால் அடியில் புல் முளைக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அவரவர் ஊர் 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் வில்லை போதும். மேய்க்கால் என்று எந்தெந்தப் புல எண்ணுக்கு நேரே எழுதியிருக்கிறது, அங்கே இப்போது என்ன நிற்கிறது என்று நடந்து போய்ப் பார்த்து எழுதி வாருங்கள். ஆடு மேய்க்கும் அக்காமாரைக் கூட்டிப் போங்கள். எல்லைக்கல் எங்கே புதைந்து கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.